பழைய 16 சேனல் மிக்சர்: ஐசி மாத்துறதுக்கு முன்னாடி பாக்க வேண்டிய வேலைங்க

பழைய அனலாக் மிக்சர் (பல மைக் சத்தத்த கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புற பெட்டி) ஒன்ன வாங்கி சரி பண்ணிட்டு இருக்கேன்னு யார்கிட்ட சொன்னாலும் மொதல்ல வர்ற கேள்வி "எல்லா ஐசியயும் 5532 போட்டுட்டியா"ங்கிறதுதான் (5532ங்கிறது இரைச்சல் கம்மியான ஒரு ஆம்ப் ஐசி). போடல. மொத்தமா போடவும் மாட்டேன். ஏன்னு கீழ எழுதுறேன், இதுவரைக்கும் என்னென்ன பண்ணேன்னும் சேத்து.

மிக்சர் வந்த கதைய சுருக்கமா சொல்லிடுறேன். அரியாங்குப்பத்துல மைக் செட் வச்சிருந்த ஒரு அண்ணன் தொழில விட்டுட்டாரு, பசங்க டிஜிட்டலுக்கு போயிட்டாங்க, இது ஷெட்டுல சாக்கு போத்தி கெடந்துது. 16 சேனல், 4 குரூப், 4 ஆக்ஸ் (குரூப், ஆக்ஸ் ரெண்டும் சேனல்கள கூட்டி வெளிய அனுப்புற தனி வழிங்க), 80கள் கடைசியில வந்த வெளிநாட்டு மாடல், பவர் சப்ளை தனிப் பெட்டி. கம்பெனி பேர் வேணாம், பேர சொன்னா நாளைக்கே இதோட ரேட் ஏறிடும், எனக்கு இன்னும் ஸ்பேர் வாங்க வேண்டியது இருக்கு. ஒவ்வொரு சேனலும் தனித்தனி ஸ்ட்ரிப், நாலு ஸ்க்ரூ கழட்டினா கையோட வெளிய வந்துடும், அதுக்காகவே வாங்கினேன். ஒரே பெரிய போர்டா இருந்திருந்தா தொட்டிருக்கவே மாட்டேன், ஒரு ஃபேடர் (சத்தத்த ஏத்தி எறக்குற தள்ளு குமிழ்) மாத்தணும்னாலும் அத்தன நாப்பு அத்தன நட்டு கழட்டணும், யாரால முடியும்.

"என்னண்ணே கம்ப்ளைன்ட்"னு கேட்டதுக்கு அவரு சொன்னது: "கச்சேரி நடுவுல உறுமும் தம்பி, மண்டையில ஒரு தட்டு தட்டினா நிக்கும், மறுபடி உறுமும். தானே புயல்ல ஷெட்டு கூரை போயி நனஞ்சுது, அதுலேர்ந்துதான் இந்த ரோதனை." தானே கரைய கடந்தது 2011 டிசம்பர் 30, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல, அந்த ராத்திரிய இங்க யாரும் மறக்க மாட்டாங்க. ஆக உப்புக்காத்தோட அடிச்ச மழைத்தண்ணி உள்ள போயி அப்படியே காஞ்சு அத்தன வருஷமா உக்காந்திருக்கு. குட்டியானைல ஏத்தி கடலூர் முதுநகர் கொண்டாந்து சேத்தோம்.

தொறந்து பாத்தா கரப்பான் புழுக்கை, பல்லி முட்டை ஓடு, இதெல்லாம் எதிர்பாத்ததுதான். 9ஆவது சேனல் இன்செர்ட் ஜாக் (வெளி எஃபெக்ட் பெட்டிய நடுவுல சேக்குற ஜாக்) ஓட்டைல மட்டும் குளவி மண்ணு வச்சு அடச்சிருந்துது. அந்த சேனல் ஏன் ஊமையா இருந்துதுன்னு அதுலயே தெரிஞ்சுபோச்சு. இன்செர்ட் ஜாக்ல எதுவும் சொருகாதப்ப சிக்னல் உள்ள இருக்குற சின்ன இலை மாதிரி காண்டாக்ட் வழியாத்தான் அடுத்த ஸ்டேஜுக்கு போகும், அந்த காண்டாக்ட்ல களிம்பு ஏறினாலோ மண்ணு பூந்தாலோ சேனல் ஒன்னு செத்துடும், இல்ல கரகரன்னு உடஞ்சு வரும். பாதி சேனல் இப்படித்தான் இருந்துது, ஒரு ஜாக்க பத்து தடவ சொருகி சொருகி எடுத்தாலே உயிர் வந்துடும், ரெண்டு வாரத்துல மறுபடி போயிடும். அதனால எல்லா இன்செர்ட் ஜாக்கும் புதுசு போட்டாச்சு.

இப்ப உறுமல். இதுலதான் நெறய பேரு அவசரப்படுறாங்க. உறுமல்னா எந்த உறுமல்னு மொதல்ல பாக்கணும். ஃபோன்ல ஸ்பெக்ட்ரம் காட்டுற ஆப் போட்டு ஸ்பீக்கர் முன்னாடி வச்சா போதும். 50 ஹெர்ட்ஸ்ல மேடு நின்னா எர்த் லூப்போ (ரெண்டு வழியா எர்த் ஆகி வட்டமாகுறது) டிரான்ஸ்பார்மரோட காந்தப் புலமோ இருக்கலாம். 100லயும் அதுக்கு மேல 200, 300னும் வரிசையா நின்னா ஏசிய டிசி ஆக்குற பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்கு அப்புறம் இருக்குற ஃபில்டர் கண்டன்சர சந்தேகப்படணும், ஏன்னா நம்ம 50 ஹெர்ட்ஸ் கரன்ட் ஃபுல் வேவ்ல போனதும் 100 ஆயிடும். என்னுது சுத்தமா 100.

சப்ளை பெட்டியில ப்ளஸ் 17, மைனஸ் 17, ஃபேன்டமுக்கு (மைக்குக்கு கேபிள் வழியா போற பவர்) 48 வோல்ட், வோல்டேஜ நிலையா வைக்கிற ரெகுலேட்டர் ஐசி எல்எம்317ம் எல்எம்337ம் போட்ட சாதாரண டிசைன். ஃபில்டர் கண்டன்சர்ல 4700 மைக்ரோ ஃபாரட்னு எழுதியிருக்கு, கழட்டி மீட்டர்ல வச்சா 900 சொச்சம். இதுல என்ன நடக்குதுன்னு ஒரு சின்ன கணக்கு போட்டா புரிஞ்சிடும். மிக்சர் ஒரு பக்கத்துக்கு 0.6 ஆம்பியர் இழுக்குது. 4700 இருந்தா ரிப்பிள் (டிசில மிச்சம் நிக்குற ஏத்த எறக்கம்) 1.3 வோல்ட் கிட்ட வரும். 900 ஆனதும் அது அஞ்சு, ஆறு வோல்ட்டுக்கு போயிடுது. ரெகுலேட்டருக்கு முன்னாடி உச்சத்துல 24 வோல்ட் இருந்தாலும் பள்ளத்துல 18க்கு வந்துடுது, 317க்கு வெளிய 17 குடுக்கணும்னா உள்ள 19, 20ஆவது வேணும், அது இல்லன்னா ரெகுலேட் பண்றத விட்டுட்டு அந்த பள்ளத்த அப்படியே வெளிய அனுப்பிடும், வினாடிக்கு 100 தடவ. அதுதான் அண்ணன் தட்டி தட்டி நிறுத்தப் பாத்த சத்தம்! தட்டினதுக்கு நின்னது வேற ஒன்னு, அது ரிப்பன் கனெக்டர், கீழ வரேன்.

ஃபில்டர் எல்லாம் 105 டிகிரி ரகமா மாத்தினேன். 85 போதுமேன்னு கேப்பீங்க, எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்கு 10 டிகிரி சூடு கொறஞ்சா ஆயுசு சுமாரா ரெட்டிப்பாகும்னு ஒரு கணக்கு உண்டு, நம்ம ஊர் அக்கினி நட்சத்திரத்துல மூடின பெட்டிக்குள்ள என்ன சூடு இருக்கும்னு யோசிச்சுக்கங்க. மொதல் தடவ ஆன் பண்றப்ப மிக்சர இணைக்காம 60 வாட் குண்டு பல்ப சீரிஸ்ல போட்டு பாத்தேன், பல்பு ஒரு மின்னு மின்னி அணஞ்சா நல்ல சகுனம், அப்படியே எரிஞ்சா உள்ள ஷார்ட். அணஞ்சுது. மிக்சர மாட்டினதும் உறுமல் போச்சு. ஒரு ஐசி கூட தொடல இந்த நேரத்துல.

அடுத்து ரிப்பன் கேபிள். சேனல் எல்லாத்தயும் மாஸ்டரோட சேக்குற பஸ் (பொது லைன்) இதுலதான் ஓடுது, கனெக்டர் பின்னு வெறும் டின் பூச்சு. பிச்சுப் பாத்தா ஒவ்வொரு பின் அடியிலயும் வெள்ளையா பூத்து அதுக்கு நடுவுல பச்சை. கடலோரத்துல இருக்குறவங்களுக்கு சொல்லவே வேணாம், ஜன்னல் கம்பிய பாத்தாலே தெரியும். க்ளீனர் அடிச்சா நாலு நாள் நல்லாருக்கும், அவ்ளோதான். ரிப்பனோட மொத்தமா மாத்தி தங்கப் பூச்சு வச்ச கனெக்டர் போட்டேன். போர்ட எல்லாம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் வச்சு தேச்சு கழுவியாச்சு. நாப்பு சோப்புத் தண்ணி, ஃபேடரு கழட்டி தொடச்சு லேசா ஃபேடர் கிரீஸ், இதுல எழுத ஒன்னும் இல்ல. ஒன்னே ஒன்னு, சைக்கிள் செயினுக்கு அடிக்கிற ஸ்ப்ரேய ஃபேடர்ல அடிக்காதீங்க, அந்த எண்ணெய்ல தூசி ஒட்டி கருப்பு பசையாயி கார்பன் டிராக்க தேச்சுடும்.

48 வோல்ட் ஆன் பண்ணா மட்டும் மூணு சேனல்ல படபடன்னு ஒரு சத்தம். அது மைக் இன்புட்ல இருக்குற 47 மைக்ரோ, 63 வோல்ட் கண்டன்சர் லீக் ஆகுறது. மாத்தினதும் போச்சு. அப்படியே 48 வோல்ட் மைக்குக்கு போற 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ் ஜோடியயும் அளந்து பொறுக்கி போட்டேன், ஐஇசி 61938ங்கிற சர்வதேச ஸ்டாண்டர்ட்படி ஜோடிக்குள்ள வித்தியாசம் 0.4 சதவீதத்துக்குள்ள இருக்கணும். 1 சதவீத ரெசிஸ்டன்ஸ் நூறு வாங்கி மீட்டர்ல ஜோடி சேக்குறது டிவி பாத்துக்கிட்டே பண்ற வேலை.

இப்ப ஐசிக்கு வரேன். சேனல்ல இருக்குறது எல்லாம் டிஎல்072, இதுவும் ஒரு ஆம்ப் ஐசிதான். ஐசி தானா கெளப்புற இரைச்சல் 18 நானோ வோல்ட், 5532க்கு 5. பேப்பர்ல பாத்தா 5532 எங்கயோ நிக்குது, சரிதான். ஆனா 072 ஒரு ஐசி 2.8 மில்லி ஆம்பியர்தான் குடிக்கும், 5532 எட்டு. சேனலுக்கு ஆறுன்னா 96 ஐசி, ஒவ்வொன்னுக்கும் அஞ்சு மில்லி கூடினா அரை ஆம்பியர் ஏறுது. 0.6 இழுத்துட்டு இருந்தது 1.1க்கு போகும், 317 தாங்குறதே 1.5, ரெகுலேட்டர்ல 4 வாட் சொச்சம் இருந்த சூடு 8 வாட்டுக்கு பக்கம் வந்துடும், டிரான்ஸ்பார்மர் பாடு வேற. சத்தம் கொறைக்கிறேன்னு போயி இப்பத்தான் சரி பண்ண சப்ளைய மறுபடி சாகடிக்கிறதா?

அது மட்டும் இல்ல, 5532ஓட இன்புட் பின் 200 நானோ ஆம்பியர் கிட்ட இழுக்கும், 072க்கு அது பிகோ கணக்கு. ஈக்வலைசர்ல 100 கிலோ ஓம் பாட் (நாப்புக்கு அடியில இருக்குற, திருப்பினா மாறுற ரெசிஸ்டன்ஸ்) இருக்கு, அது வழியா 200 நானோ போனா 20 மில்லி வோல்ட் டிசி, திருப்புறப்பல்லாம் கரகரன்னும். புது பாட் போட்டாலும் கரகரதான். "5532 போட்டதும் பாட் எல்லாம் கெட்டுப்போச்சு"ன்னு ஒரு நண்பர் பொலம்பினாரு, பாட் கெடல சாமி.

அப்ப எங்க போடணும்னா சம்மிங் ஆம்ப்ல, அதாவது எல்லா சேனலயும் கூட்டுற எடத்துல. 16 சேனலும் 22 கிலோ ஓம் வழியா ஒரே புள்ளியில வந்து சேருது, ஃபீட்பேக்கும் 22. ஒரு சேனலுக்கு கெயின் ஒன்னுதான், ஆனா அந்த ஐசியோட சொந்த சத்தத்துக்கு கெயின் 17, அதாவது 24 டெசிபலுக்கு மேல. ஃபேடர் எல்லாத்தயும் கீழ எறக்கினாலும் புஸ்ஸுன்னு ஒரு இரைச்சல் நிக்குமே, அது இதுதான். ரெசிஸ்டன்ஸோட சத்தத்தயும் சேத்து கணக்கு போட்டா இங்க 072 எடுத்துட்டு 5532 போட்டா 8 டெசிபலுக்கு மேல கொறயணும். லெஃப்ட், ரைட், நாலு குரூப், நாலு ஆக்ஸ், இவ்ளோதான் மாத்தினது, ஐசி பேஸ் போட்டு, ஒவ்வொன்னு காலடியிலயும் 0.1 மைக்ரோ கண்டன்சர் வச்சு, இல்லன்னா இது காதுக்கு கேக்காத ஃப்ரீக்வென்சில ஆடும். இரைச்சல் கொறஞ்சது காதுக்கே தெரியுது, அளக்க வேண்டிய அவசியமே வரல.

ஐசி வாங்குறப்ப ஒரு விஷயம். ஆன்லைன்ல வாங்குன ஒரு பாக்கெட் சந்தேகமா இருந்துது, மேல எழுத்து ரொம்ப பளிச். 5532 உள்ள 2ஆவது, 3ஆவது பின்னுக்கு நடுவுல எதிரெதிரா ரெண்டு டயோடு இருக்கும். மல்டிமீட்டர டயோடு மோட்ல வச்சு அந்த ரெண்டு பின்ன தொட்டா 0.6, 0.7 காட்டணும், ப்ரோப மாத்தி தொட்டாலும் அதே காட்டணும். பாக்கெட்ல ஒன்னு கூட காட்டல. 4558ங்கிற வேற ஐசிய சுரண்டி 5532னு அச்சடிச்சிருப்பாங்கன்னு நெனக்கிறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கடையிலயே மீட்டர் வச்சு பாத்து வாங்கினது எல்லாம் பாஸ்.

எர்த் விஷயத்துக்கு தனியா ஒரு பதிவே எழுதலாம். மைக் ஜாக்கோட 1ஆவது பின் இதுல நேரா போர்டுக்கு போகுது. கேபிள் ஷீல்டு புடிச்சுட்டு வர்ற குப்பை எல்லாம் ஆடியோ கிரவுண்டுக்குள்ளயே கொட்டும். நீல் மன்சி 1995ல இத பத்தி பேப்பர் எழுதி பின் 1 ப்ராப்ளம்னே பேராச்சு, 2005ல ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியோட ஏஇஎஸ்48னு ஸ்டாண்டர்டும் வந்துது. நம்ம மிக்சர் அதுக்கு முந்தின காலத்து ஆளு. கோயில் திருவிழாவுல மைக் கேபிள் பக்கத்துலயே சீரியல் செட் ஒயர் ஓடும், அந்த லைட்டு ஓட ஓட ஸ்பீக்கர்ல ஜிர் ஜிர்னு கூடவே ஓடும் பாருங்க, அதுக்கு இதுவும் ஒரு காரணம். டிராக்க வெட்டிட்டு ஒவ்வொரு 1ஆவது பின்னயும் தடிமனான செம்புக் கம்பியில ஜாக் பக்கத்துலயே சேஸிஸ்ல பத்த வச்சேன். சேஸிஸ்ல பெயின்ட்ட சுரண்டிட்டு வைக்கணும், பெயின்ட் மேல வாஷர் போட்டு முறுக்கினா எர்த் ஆகாது. இன்னொன்னு, ஹம் வருதுன்னு பிளக்குல எர்த் பின்ன வெட்டி எறியுற பழக்கம் நம்ம ஊர் செட்டுக்காரங்க கிட்ட நெறய இருக்கு. மழையில நனஞ்ச பந்தல்ல இரும்பு மைக்க புடிச்சு பாடுறவரு உயிரு அது. வெட்டாதீங்க.

மாடிஃபிகேஷன்னு உருப்படியா பண்ணது டைரக்ட் அவுட், அதாவது ஒவ்வொரு சேனலயும் தனியா வெளிய எடுக்குற ஜாக். பெரியப்பா பையன் பம்பை உடுக்கை செட் வச்சிருக்காரு, அவங்க வாசிக்கிறத லைவ்வா நடக்குறப்பவே தனித்தனி டிராக்கா ரெக்கார்ட் பண்ணணும்னு ஆசை. ஃபேடருக்கு முன்னாடி இருந்து எடுத்தேன், ஏன்னா லைவ்ல ஆபரேட்டர் ஃபேடர ஏத்தி எறக்கிட்டே இருப்பாரு, அது ரெக்கார்டிங்ல வரக்கூடாது. ஜாக்கோட நுனி, அதாவது டிப்புக்கு 47 மைக்ரோ கண்டன்சர், 75 ஓம் ரெசிஸ்டன்ஸ். அதுக்கு அடுத்த வளையம், அதாவது ரிங்குக்கு சிக்னல் கெடயாது, ஆனா அதே 47, அதே 75 போட்டு கிரவுண்டுக்கு. இப்படி பண்ணா பேலன்ஸ்டு கேபிளுக்கு ஆகுமான்னு கேட்டா ஆகும், இரைச்சல் கழியுறதுக்கு ரெண்டு ஒயர்லயும் இம்பீடன்ஸ் ஒன்னா இருந்தா போதும், சிக்னல் ரெண்டுலயும் வரணும்னு இல்ல. கூடுதல் ஐசி வேணாம், கரன்ட்டும் ஏறல. எட்டு சேனல்ல முடிச்சிருக்கேன்.

அந்த எட்ட வச்சு போன வாரம் தோட்டத்துல ஒரு ட்ரையல். பம்பை பக்கத்துல மைக் வச்சா ப்ரீஆம்ப் தாங்காது, 20 டெசிபல் பேட் (சிக்னல கொறைக்கிறது) போட்டும் கெயின கடைசி வரைக்கும் எறக்க வேண்டியிருந்துது. உடுக்கை டிராக்க தனியா போட்டுக் காட்டினேன். நடுக்கயித்த அமுக்கி விடுறப்ப சுருதி ஏறி எறங்கி ஒரு இழுப்பு வருமில்ல, அது அடங்குற வரைக்கும் முழுசா கேக்குது. பெரியப்பா பையன் ஹெட்ஃபோன கழட்டாமயே "டேய், அந்த கடைசி அடிய திரும்பப் போடு"ன்னாரு, நாலஞ்சு தடவ போட்டேன். அப்புறம் "வலந்தலை சத்தம் கம்மியா இருக்கு"ன்னு ஒரு கொறையும் சொன்னாரு, அது மைக் வச்ச எடம், மிக்சர் மேல தப்பு இல்ல.

மிச்சம் இருக்குறது: மீதி எட்டு சேனல் டைரக்ட் அவுட், வியு மீட்டர் பல்பு, 11ஆவது சேனல் மிட் ஸ்வீப் பாட். பாட்டுதான் தலவலி, ரெட்ட கேங், 100 கே, சி டேப்பர் (டேப்பர்னா திருப்பத் திருப்ப ரெசிஸ்டன்ஸ் மாறுற விதம்), அதாவது ரிவர்ஸ் லாக், ரிச்சி ஸ்ட்ரீட் முழுக்க கேட்டும் பி டேப்பர், அதாவது லீனியர்தான் கெடைக்குது. அத போட்டா ஃப்ரீக்வென்சி எல்லாம் ஒரு ஓரமா போயி குமிஞ்சிடும். ஆடி பொறந்துட்டா பெரியப்பா பையன் பம்பை செட்டு ஊர் ஊரா கூழ் ஊத்துற எடத்துக்கு கெளம்பிடும், அதுக்குள்ள முடிக்கணும். பழைய மிக்சர் எதையாவது ஒடச்சு வச்சிருக்கவங்க யார்கிட்டயாவது இந்த பாட் இருந்தா சொல்லுங்க, ஷாஃப்ட் 6 மில்லி, நீளம் எப்படி இருந்தாலும் நான் அறுத்துக்கிறேன்.