இரண்டு ஃபேன்கள்

ஏப்ரல் 8, 2024, திங்கள்

ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடியும் அந்தச் சத்தம். மடிக்கணினி ஃபேன். ஒரே ஒரு கோப்புதான் திறந்திருந்தது, பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகத்தின் ஐந்தாம் பாடம், அதிலும் நான் எதுவும் தட்டிக்கொண்டிருக்கவில்லை. மெஷின் மட்டும் மலை ஏறுகிற லாரி மாதிரி மூச்சு வாங்குகிறது. அடியில் கை வைக்க முடியவில்லை.

மின்வெட்டு, எல்லாம் இன்வெர்ட்டரில் ஓடுகிறது. அதன் பேட்டரி மீட்டரில் 11.9 வோல்ட். படுக்கையில் இருக்கிற அப்பா பக்கத்து ஃபேன் வேகம் குறைந்துவிட்டது. அது நேராக 12 வோல்ட்டில் ஓடுவது, வோல்ட் இறங்கினால் அதுவும் இறங்கும். மெஷினை அணைத்தேன். அப்பா தூங்கவில்லை. கண்ணைத் திறந்து ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஃபயர்பாக்ஸ்தான் என்று முடிவு கட்டி எல்லா டேப்பையும் மூடினேன். பத்து நிமிடம் அமைதி. அப்புறம் திரும்ப ஆரம்பித்தது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே மொத்த சிபியு 31 சதவீதம் என்கிறது. கீழே பட்டியலில் பெரியது எதுவும் இல்லை. ஆஃபீஸ் 2, திரையைக் காட்டுகிற எக்ஸ்ஆர்க் 2, பேனல் 1. சில்லறையையும் சேர்த்துக் கூட்டினால் 6தான். மீதி எங்கே போகிறது என்று யோசிக்கும்போதே அத்தை கூப்பிட்டார், மாத்திரை நேரம்.

ஏப்ரல் 10, புதன்

11.8.

ஏப்ரல் 11, வியாழன்

பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். டம்ளர்டி என்று ஒன்று பட்டியலில் மேலே வந்து நின்றது, சிபியுவின் ஒரு கோர் முழுவதையும் தின்றுகொண்டு. கோப்புகளுக்குச் சின்னப் படம் தயாரித்துக் கொடுக்கிற வேலை அதனுடையது. எந்தக் கோப்பில் மாட்டிக்கொண்டது என்று தேடினால், பீலிக்கான் கோயில் திருவிழாவில் அப்பாவை எடுத்த வீடியோ. போன மாதம் பென்டிரைவிலிருந்து நகல் எடுக்கும்போது மீ (பர்மிய மொழியில் கரண்ட்) போய்விட்டது. பாதி வந்து நின்ற கோப்பு அது. முடிவே இல்லாத வீடியோவுக்கு முதல் படம் எடுக்கப் பார்த்து, தோற்று, திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்திருக்கிறது.

அந்தப் பாதிக் கோப்பை அழித்தேன். அசல் பென்டிரைவில் பத்திரமாக இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். இருக்கிறது. அப்பா நடந்துபோகிற வீடியோ அது ஒன்றுதான்.

ஃபேன் சத்தம் குறைந்தது. தூங்கப் போகிறேன்.

ஏப்ரல் 13, சனி

திஞ்ஞான் ஆரம்பம், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா. தெருவில் டிரம் டிரம்மாகத் தண்ணீர். கடை எல்லாம் சாத்தியாயிற்று. பேட்டரிக்கு ஊற்றக் காய்ச்சி வடித்த தண்ணீர் நேற்றே வாங்கியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். இனி 18ஆம் தேதிதான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

தமிழ் வருஷப் பிறப்பு. இன்று விளக்கு போகவே இல்லை. மெஷினும் சத்தமே போடவில்லை. ஆறாம் பாடம் முடித்தேன். அப்பா வேப்பம்பூப் பச்சடி இரண்டு கரண்டி சாப்பிட்டார், இடது கையால், தானாகவே.

ஏப்ரல் 16, செவ்வாய்

திரும்ப வந்துவிட்டது.

ராத்திரி ஒன்பதுக்கு மீ போச்சு, பத்துக்கெல்லாம் அந்தச் சத்தம். டம்ளர்டி பட்டியலிலேயே இல்லை. அழுகை வந்தது, உண்மையாகவே. பள்ளி ஜூனில் திறக்கிறது, அதற்குள் பிள்ளைகள் கையில் புத்தகம் இருக்க வேண்டும். பகலில் அப்பா வேலை. எனக்கென்று கிடைப்பது ராத்திரி மட்டும்தான், அந்த ராத்திரியில் நான் தட்டுகிற ஒவ்வொரு வரிக்கும் அப்பாவுக்குக் காற்று குறைகிறது.

ஏப்ரல் 18, வியாழன்

தம்பி கூப்பிட்டான். “அக்கா, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுடு” என்றான். மாட்டேன் என்றேன். காரணம் தெரியாமல் அழித்துப் போட்டால், அதே காரணம் புதிதிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் அவன் சொன்ன இன்னொன்று சரி. கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறாவிட்டால் திரையை வரைகிற வேலை முழுவதும் சிபியு தலையில் விழும், அப்போது எல்எல்விஎம்பைப் என்ற பெயர் வரும் என்றான். பார்த்தேன். இல்லை, இன்டெல் என்றுதான் வருகிறது. விண்டோக்களுக்கு நிழல் போடுகிற கம்பாசிட்டரை நிறுத்திப் பார்த்தேன். ஒரு சதவீதம் குறைந்திருக்கலாம். அது இல்லை.

மெஷின் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்டுகிற பவர்டாப் போட்டேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால், மெஷின் சும்மா இருக்கும்போதே 21 வாட் இழுக்கிறது. அமைதியாக இருக்கிற நேரத்தில் 8தான். வித்தியாசம் 13.

பேப்பரில் போட்டுப் பார்த்தேன். இன்வெர்ட்டர் பேட்டரி 65 ஆம்பியர்-மணி, 12 வோல்ட், ஆக 780 வாட்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுசு போய்விடும், அதனால் கையில் 390. அப்பா ஃபேன் 15, விளக்கு 5, ரௌட்டர் 10, மெஷின் 21. கூட்டினால் 51. எட்டு மணி நேரத்துக்கு 408. மெஷின் 8ஆக இருந்தால் மொத்தம் 38, எட்டு மணி நேரத்துக்கு 304. இன்வெர்ட்டரில் வீணாவது தனி, அதையும் தாங்கும்.

அந்த 13 வாட் கிட்டத்தட்ட அப்பாவின் ஃபேன். இன்னொரு ஃபேனை யாருமில்லாத அறையில் ஓடவிட்ட மாதிரி.

இனி ரௌட்டரையும் ராத்திரி அணைக்கிறேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

தண்ணீர் வாங்கி ஊற்றியாயிற்று. 12.0.

ஏப்ரல் 21, ஞாயிறு

அடி மூடியைக் கழற்றினேன். பதினொரு திருகு, ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல் வெள்ளைத் தாளில் வைத்தேன். ஃபேனுக்கும் வெப்பத் தகடுக்கும் நடுவே தூசு கம்பளி மாதிரி படிந்திருந்தது, இழுத்தால் ஒரே துண்டாக வந்தது. முகத்துக்குப் பூசுகிற தனாக்கா வாசம்கூட அடித்தது. ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அத்தையின் பழைய பிரஷ்ஷால் தட்டினேன். இறக்கையைச் சுழலவிட்டு ஊதக் கூடாது, கெட்டுவிடும்.

வெப்பம் 94லிருந்து 79க்கு வந்தது. சத்தமும் கொஞ்சம் தணிந்தது. ஆனால் சிபியு மட்டும் அதே 31. தூசு சூட்டைத்தான் கூட்டும், சும்மா கிடக்கிற மெஷினுக்கு வேலை உண்டாக்காது. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அதுவாக இருக்கக் கூடாதா என்று இருந்தது.

ஏப்ரல் 23, செவ்வாய்

அந்தக் கூட்டல் கணக்கு. இரண்டு வாரம் முன்னாலேயே இடித்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

டாஸ்க் மேனேஜர் என் பெயரில் ஓடுகிற வேலைகளை மட்டும்தான் காட்டிக்கொண்டிருந்தது. எல்லா வேலையையும் காட்டு என்று அமைப்பில் ஒரு பெட்டி, அதில் டிக் இல்லை. டெர்மினலில் டாப் என்ற கட்டளை போட்டதும் முதல் வரியிலேயே நிற்கிறது. மெஷினின் நிர்வாகியான ரூட் பெயரில், கேவொர்க்கர், 98 சதவீதம். டாப்பில் 100 என்றால் ஒரு கோர். என்னிடம் நான்கு. ஒரு கோர் முழுசாக ஓடினால் டாஸ்க் மேனேஜர் அதை 25 என்று காட்டும். 25ம் என்னுடைய 6ம் 31.

கணக்கு நேரானதும் உடம்பே லேசானது.

ஏப்ரல் 24, புதன்

கேவொர்க்கரைக் கொல்ல முடியாது. கட்டாயமாக நிறுத்துகிற கில் 9 கொடுத்தேன், அசையவில்லை. அது லினக்ஸின் மையமான கெர்னலின் சொந்த ஆள், மற்றவர்கள் கொடுக்கிற வேலையைச் செய்கிற கூலியாள். கூலியாளை விரட்டிப் பயனில்லை, வேலை ஏவுகிறவன் யார் என்று பார்க்க வேண்டும். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பதைப் படித்தேன். கேஏசிபிஐடி. ஏசிபிஐ என்றால் பேட்டரி, சார்ஜர், மூடி, சூடு, இதெல்லாம் பற்றி மெஷினின் அடிப்பலகை கெர்னலுக்குச் செய்தி சொல்கிற வழி.

சார்ஜர்.

அப்பாவுக்கு இன்று ரத்த அழுத்தம் 150க்கு 90. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். வெயிலில் கூட்டிப் போனதே தப்பு.

ஏப்ரல் 25, வியாழன்

இந்தக் குறிப்பையே முதலிலிருந்து படித்தேன். 14ஆம் தேதி விளக்கு போகவில்லை, மெஷினும் சும்மா இருந்தது. 16ஆம் தேதி ஒன்பதுக்கு மீ போச்சு, பத்துக்குச் சத்தம். மீ போனதும் சார்ஜர் செருகியை சுவரிலிருந்து பிடுங்கி இன்வெர்ட்டரில் மாட்டுவேன். அந்த மாட்டலில்தான் ஆரம்பிக்கிறது. நானே எழுதி வைத்திருந்தும் பார்க்கவில்லை.

சிஸ், ஃபர்ம்வேர், ஏசிபிஐ, இன்டரப்ட்ஸ் என்று ஃபோல்டர் ஃபோல்டராக உள்ளே போனால் ஒரு அறை. அதில் அடிப்பலகை அடிக்கிற செய்தி மணிகளுக்கு, ஜிபிஇ 00லிருந்து வரிசையாகக் கோப்புகள், ஒவ்வொன்றிலும் அது எத்தனை முறை மணியடித்தது என்ற எண். பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம், ஒன்றிரண்டில் சின்ன எண். 6எஃப் என்பதில் மட்டும் 41 லட்சம். பத்து விநாடி கழித்துப் பார்த்தால் இன்னும் இருபதாயிரத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. யாரோ வாசல் மணியில் கை வைத்து எடுக்காமல் நிற்கிறார்கள், பாவம் கேவொர்க்கர் ஒவ்வொரு அடிக்கும் எழுந்து கதவைத் திறந்து பார்க்கிறது.

அந்தக் கோப்பில் டிசேபிள் என்று எழுத வேண்டும். எழுதக் கொடுக்கிற எக்கோ கட்டளைக்கு முன்னால், ரூட் அதிகாரம் தருகிற சுடோ போட்டும் அனுமதி இல்லை என்றது. இதில் அரை மணி நேரம் போயிற்று. சுடோவின் அதிகாரம் எக்கோவோடு முடிந்துவிடுகிறது, கோப்பைத் திறக்கப் போவது கட்டளைகளை வாங்குகிற என் ஷெல், அதற்கு உரிமை இல்லை. எக்கோ சொல்வதைப் பைப் வழியாக சுடோ டீ என்பதிடம் கொடுத்ததும் எழுதியது.

ஃபேன் நின்றது. இறங்கவில்லை, நின்றேவிட்டது. அறையில் அப்பா மூச்சு கேட்டது.

ஏப்ரல் 26, வெள்ளி

விடிகாலை ஐந்துக்கு 12.3. 12.3!

ஏப்ரல் 28, ஞாயிறு

ஊரே அடுப்பு. இங்கே 40. சுவர் சுடுகிறது. ஈரத் துணியை மணிக்கொரு தடவை மாற்றினோம். பாடம் எதுவும் தட்டவில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

நேற்று மாக்வே பக்கம் சௌக் ஊரில் 48.2 டிகிரியாம். ஏப்ரலில் இவ்வளவு பதிவானதே இல்லையாம். அங்கே இந்த மாதிரி படுத்திருக்கிறவர்கள் என்ன செய்தார்களோ.

ராத்திரி மூடியைச் சாத்தித் தூங்கவிட்டுத் திறந்தேன். கேவொர்க்கர் திரும்ப வந்துவிட்டது. தூக்கத்திலிருந்து எழும்போது நான் எழுதியதை அது மறந்துவிடுகிறது. ரீபூட் செய்தாலும் அப்படித்தான்.

மே 1, புதன்

மெஷினைத் தொடங்கி வைக்கிற க்ரப்பின் அமைப்பில், கெர்னலுக்குப் போகிற வரியில், ஏசிபிஐ_மாஸ்க்_ஜிபிஇ=0எக்ஸ்6எஃப் என்று சேர்த்தேன். அப்டேட் க்ரப். ரீபூட். சார்ஜரைப் பத்து தடவை பிடுங்கி மாட்டினேன். மூடியைச் சாத்தித் திறந்தேன். சிபியு 3, 2, 4, 2.

மே 3, வெள்ளி

இதற்கும் ஒரு விலை உண்டு. மீ வந்தாலும் பேனலில் பேட்டரிப் படம் உடனே மாறுவதில்லை, இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. வாயை மூடிவிட்ட அந்த மணிதான் சார்ஜர் செய்தியையும் கொண்டுவந்தது போலிருக்கிறது. பரவாயில்லை. மீ வந்தால் தெரு முழுக்கப் பிள்ளைகள் “மீ லா பீ” என்று கத்துகிறார்கள், அதைவிடச் சீக்கிரம் எந்த மெஷினும் சொல்லாது.

பயாஸைப் புதுப்பித்தால் அடிப்பலகையின் தவறே சரியாகலாம் என்கிறான் தம்பி. நடுவில் மின்சாரம் போய், மெஷினின் பேட்டரியும் கைவிட்டால் மெஷின் செத்தது. புத்தகம் அச்சுக்குப் போகும் வரை அதைத் தொடமாட்டேன்.

மே 5, ஞாயிறு

எட்டாம் பாடத்தில் ழகரம். அச்செடுத்த பக்கத்தை அப்பா முன்னால் பிடித்தேன், பேச்சுப் பயிற்சிக்கும் ஆகும் என்று. வாழை வந்தது. மழை வந்தது. பழம் மட்டும் பயம், பயம் என்றே வருகிறது. அவருக்கே காதில் விழுகிறது, தலையை ஆட்டிவிட்டுத் திரும்பச் சொல்கிறார். ஏழு தடவை. நான் வேறு வார்த்தைக்குப் போகலாம் என்றேன். பக்கத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

மே 6, திங்கள்

12.3. சிபியு 2. பயம்.

மே 8, புதன்

சாயங்காலம் நல்ல மழை. மண் வாசம் மூன்றாம் மாடி வரை வந்தது. அத்தை ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டார், ஃபேனை நிறுத்தச் சொல்லி அப்பாவே கை காட்டினார்.

நாளையிலிருந்து நம் தெருவுக்கு மீ வருகிற நேரம் மாறுகிறதாம், கீழ் வீட்டில் சொன்னார்கள். ராத்திரி ஒன்பதுக்கு வந்து ஒன்றுக்குப் போகுமாம். அப்படியென்றால் ஒன்பதாம் பாடத்தைப் பத்து மணிக்கு ஆரம்பிக்கலாம்