அப்பாவின் ஐபோனும் என் விண்டோஸ் லேப்டாப்பும்

ஜெலுத்தோங் வீட்டின் மேல்மாடியில் நாலரை வருடமாக வாடகைக்கு இருந்த சீன அங்கிள், ஈப்போவில் மகன் வீட்டோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். திருப்பித் தரவேண்டிய டெப்பாசிட் 1,750 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). இரண்டு மாத வாடகை 1,400, தண்ணீருக்கும் மின்சாரத்துக்குமாக 350. அப்பா எண்ணி உறையில் போட்டுக் கொடுத்தார். அங்கிள் வாங்கவில்லை. குழாய் உடைந்தபோது கைக்காசு 450 வெள்ளி போட்டாராம், பிறகு கணக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பாதான் சொன்னாராம். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றார் அப்பா. இரண்டு பேருமே பொய் சொல்கிற ஆட்கள் இல்லை. இரண்டு பேருக்குமே எழுபது தாண்டிவிட்டது.

அங்கிளிடம் இருப்பது பட்டன் போன். வாட்சாப் கிடையாது, எல்லாம் எஸ்எம்எஸ்தான். அதிலும் இடம் நிறைந்துவிடும் என்று பழையதை அழித்துவிடுவார். ஆக, அந்தப் பேச்சுக்கு அத்தாட்சி இருந்தால் அப்பாவின் ஐபோனில்தான் இருக்க வேண்டும். அக்கா புதுசு வாங்கியபோது கொடுத்த பழைய போன் அது.

போனிலேயே தேடினால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். குழாய்க்கு மலாயில் 'பாயிப்' என்று போட்டேன், ஆங்கிலத்தில் போட்டேன், ஒன்றும் வரவில்லை. அங்கிள் உயிரெழுத்தையெல்லாம் விழுங்கிவிட்டுத்தான் எழுதுவார். எந்த எழுத்தை விழுங்கினார் என்று எப்படித் தேடுவது? அப்பா வேறு, "கணக்குன்னா பேப்பர்ல இருக்கணும்மா, தேதியோட" என்றுவிட்டார். சரி, மொத்தத்தையும் லேப்டாப்புக்குக் கொண்டுவந்து அச்சடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் விண்டோஸ் 11-இல் இருக்கும், போனைக் கணினியோடு இணைக்கும் போன் லிங்க் செயலி. 2023-இலிருந்து அது ஐபோனுடனும் சேர்கிறது. திரையில் வரும் கியூஆர் குறியீட்டைப் போனில் ஸ்கேன் செய்து புளூடூத்தில் இணைக்க வேண்டும். அப்புறம் போனின் புளூடூத் பட்டியலில் லேப்டாப்பின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நீல வட்டத்தைத் தொட்டு, 'ஷோ நோட்டிபிகேஷன்ஸ்', 'சிங்க் கான்டாக்ட்ஸ்' இரண்டையும் திறந்துவிட வேண்டும். பலர் இங்கேதான் விட்டுவிடுவார்கள், நானும் விட்டேன். திறந்ததும் 'ஆர்எம்0' என்று தொடங்கும் பேங்க் எஸ்எம்எஸ் ஒன்று லேப்டாப்பில் டிங் என்று வந்து விழுந்தது. அப்பா கைதட்டாத குறை.

ஆனால் அது வந்ததோடு சரி. ஐபோனைப் பொறுத்தவரை, இணைத்த பிறகு வருவதும் போவதும்தான் போன் லிங்க்கில் தெரியும், பழசு வராது. இனிமேல் வரும் செய்திகளை லேப்டாப்பில் பார்த்துப் பதில் போட்டால் போதும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஐகிளவுட் இணையப் பக்கத்தையும் திறந்து பார்த்தேன். படங்கள் இருக்கின்றன, குறிப்புகள் இருக்கின்றன, எஸ்எம்எஸ் மட்டும் இல்லை. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் ஒன்றைச் சும்மா இறக்கிப் பார்த்தேன். முதல் சில செய்திகளைக் காட்டிவிட்டு, மீதிக்குக் கார்டு எண் கேட்டது. மூடிவிட்டேன்.

கடைசியில் கைகொடுத்தது பேக்கப், அதாவது போனில் இருப்பதைக் கணினியில் நகல் எடுத்துவைப்பது. அதற்கான 'ஆப்பிள் டிவைசஸ்' செயலி மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கிறது. கேபிள் போட்டதும், இந்தக் கணினியை நம்பலாமா என்று போன் கேட்டது. அப்பா திரும்பி நின்றுகொண்டு பாஸ்கோடைத் தட்டினார். மகளிடம் கூட ரகசியம்! பேக்கப் எடுக்கும்போது 'என்க்ரிப்ட்' (கடவுச்சொல் போட்டுப் பூட்டுவது) என்ற கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது, இருந்தால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. பாதி வழியில் இடம் போதவில்லை என்று நின்றது. தைப்பூச வீடியோக்களும் காலை வணக்க ரோஜாப்பூக்களும் அவ்வளவு. அவற்றை அழிக்க அப்பா சம்மதிக்கவில்லை. என் லேப்டாப்பில்தான் அழித்து இடம் செய்தேன்.

பேக்கப் கோப்புறைக்குள் போனால் பெயரே இல்லாத காடு மாதிரி இருக்கும். '3டி' என்ற கோப்புறையில், '3டி0டி7இ5எஃப்' என்று தொடங்கும் 40 எழுத்துப் பெயருடைய கோப்பு ஒன்று உண்டு. எஸ்எம்எஸ் எல்லாம் அதற்குள்தான். கோப்பு போனில் இருந்த இடத்தையும் பெயரையும் வைத்து உண்டாக்கும் குறியீடு என்பதால் எல்லா ஐபோன் பேக்கப்பிலும் இதே பெயர்தான். அதை வேறு இடத்தில் நகல் எடுத்துக்கொண்டு, 'டிபி பிரௌசர் ஃபார் எஸ்க்யூலைட்' என்ற இலவச மென்பொருளில் திறந்தேன். 'ஹேண்டில்' அட்டவணையில் தொலைபேசி எண்கள், 'மெசேஜ்' அட்டவணையில் செய்திகள். அங்கிளின் எண்ணுக்குரிய வரிசைகளை மட்டும் வடிகட்டி எக்செலுக்கு மாற்றினேன்.

தேதி இருக்க வேண்டிய இடத்தில் 18 இலக்க எண். 2001 ஜனவரி 1-இலிருந்து எத்தனை நானோ விநாடி என்ற கணக்கு அது. 100 கோடியால் வகுத்தால் விநாடி, அதை 86,400-ஆல் வகுத்தால் நாள், அதோடு 36,892-ஐக் கூட்டினால் எக்செலுக்குப் புரியும் தேதி வந்துவிடும். போட்டேன், வந்தது. அப்பா எட்டிப் பார்த்து, "ராத்திரி 11:12-க்கு நான் எங்கம்மா எஸ்எம்எஸ் அனுப்பினேன்? ஒன்பதுக்கே தூங்கிடுவேனே" என்றார். நல்ல கேள்வி. அந்த எண் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது, மலேசியாவுக்கு 8 மணி நேரம் கூட்ட வேண்டும். கூட்டியதும் 2022 செப்டம்பர் 30 இரவு 11:12 என்றிருந்தது அக்டோபர் 1 காலை 7:12 ஆனது.

அந்த இடத்தில்தான் விஷயமே இருந்தது. குழாய் ஒழுகுகிறது, 450 ஆகிவிட்டது என்று அங்கிள் மலாயில் எழுதியிருந்தார். 'போச்சோர்' என்ற சொல்லில் மூன்றே மெய்யெழுத்துகள் மிச்சம். அதற்குக் கீழே அப்பாவின் பதில்: 'ஓகே நந்தி தோலாக்'. ஓகே, அப்புறம் கழித்துக்கொள்வோம். அந்த அப்புறம் அப்புறமாகவே போய்விட்டது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். "பசியாறப் போற அவசரத்துல தட்டியிருப்பேன்" என்றார். உள்ளே போய் ஒன்பது ஐம்பது வெள்ளி நோட்டுகளை எடுத்து வந்து உறையில் சேர்த்தார். நான் பேக்கப்பை அழித்துக்கொண்டிருந்தேன். பூட்டில்லாத பேக்கப்பை வைத்திருந்தால் பேங்க் எஸ்எம்எஸ் வரை யாரும் படிக்கலாம்.

கால் மணி நேரத்தில் மாடியிலிருந்து அப்பாவின் குரல். "பாப்பா, அங்கிளுக்கும் ஒரு காப்பி வேணுமாம். எல்லாப் பக்கமும்."

மொத்தம் 23 பக்கம்.