தடைக்காலத்தில் ஒரு கடன் கணக்கு

மே 10, காசிமேடு

அண்ணன் மகளுக்கு, எங்கள் சின்னவளுக்கு, பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். பி.எஸ்சி. நர்சிங்தான் படிப்பேன் என்கிறாள். அம்மா ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ராத்திரித் துணைக்கு இருந்தவள் அவள். டிரிப் பாட்டிலில் எத்தனை சொட்டு விழுகிறது என்று அங்கிருந்த நர்சிடம் கேட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தவள். ஆசை எங்கிருந்து வந்தது என்று நான் துருவிக் கேட்கவில்லை.

பணம்தான் பேச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. 61 நாளுக்கு அரசு தருவது 8,000 ரூபாய். அண்ணன் படகில் பங்குக்குப் போகிறவர்; சம்பளம் கிடையாது, விற்ற மீனில் ஒரு பங்குதான் கூலி. படகு கரையில் நின்றால் பங்கும் இல்லை. வீட்டில் பணம் புரளாத இந்த இரண்டு மாதத்தில்தான் வருடா வருடம் பிளஸ் டூ முடிவு வருகிறது, கல்லூரிகளின் ஆட்களும் தெருவுக்குள் வருகிறார்கள். இன்று ஒருவர் வந்தார். வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த நோட்டீஸ், "நூறு சதவீத வேலைவாய்ப்பு". வேலை கிடைக்கும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. என்ன சம்பளத்துக்கு என்று கேட்டேன். "அது அவரவர் திறமைம்மா" என்றார்.

மே 14

கல்லூரிக்கே போய்ப் பார்த்தோம். பெயர் வேண்டாம். கட்டணச் சீட்டின் முதல் பக்கத்தில் படிப்புக் கட்டணம் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. திருப்பினால் சீருடை, பல்கலைக்கழகப் பதிவு, தேர்வு, ஆய்வகம், மருத்துவமனைப் பயிற்சி, பஸ், 'இதர' என்று பொடி எழுத்தில் ஒரு வரிசை. எல்லாவற்றையும் கூட்டினால் வருடத்துக்கு ஒரு லட்சம் வருகிறது. மீன் வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான். 'இதர' என்ற தலைப்பில் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம் என்பது எனக்குத் தெரியாதா?

பயிற்சி எந்த மருத்துவமனையில், அங்கே எத்தனை படுக்கை என்று சின்னவள் கேட்டாள். நல்ல கேள்வி, நோயாளிகள் இருந்தால்தானே பழக முடியும். நேரான பதில் வரவில்லை.

மே 19

எதிர்வீட்டுப் பெண் தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணி முடிந்து வந்தவளைத் தூங்கவிடாமல் பிடித்துக்கொண்டோம். பி.எஃப். பிடித்தம் போகக் கைக்கு 16,500 வருகிறது. அதே வார்டில் அரசுக் கல்லூரியில் படித்தவள் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கும் அதே சம்பளம். "எங்கே படித்தாய் என்று சம்பளச் சீட்டு கேட்காது அக்கா. கடன் தவணைதான் கேட்கும்" என்றாள். இவளுக்கு மாதம் பிறந்தால் தவணை, அவளுக்கு இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். என் மனதில் ஆணி அடித்ததுபோல் நின்ற செய்தி இது.

அரசு வேலை கிடைத்தால் என்று அண்ணி இழுத்தாள். கிடைத்தால் நல்லதுதான். ஆனால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் ஒப்பந்த முறையில் நர்சுகளை எடுத்தபோது தொகுப்பூதியம் 7,700 ரூபாய். 2017-இல் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்து போராடியது நினைவிருக்கிறது. பிறகு 14,000, அதன்பின் 18,000 என்று ஏறியது. நிரந்தரம் ஆவதற்கு வரிசையில் நிற்க வேண்டும். தனியார் பக்கம் பார்த்தால், உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016-லேயே ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனைகூட 20,000 தர வேண்டும் என்றும், இருநூறுக்கு மேல் படுக்கை உள்ளவை அரசு நர்சுக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. எதிர்வீட்டுப் பெண்ணின் 16,500-ம் அப்படியே இருக்கிறது.

மே 22

வங்கி. மேலாளர் நல்ல மனிதர், நேரம்தான் இல்லை. முதல் கேள்வியே "கவுன்சிலிங் சீட்டா, மேனேஜ்மென்ட் கோட்டாவா?" என்பதுதான். கல்லூரியே நேரடியாக நிரப்பும் கோட்டா என்றால் குரல் மாறிவிடுகிறது.

நான்கு லட்சம் வரை சொத்துப் பிணை வேண்டாம். அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிக்கும் நான்கு வருடமும் அதற்குப்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அதன்பின் பதினைந்து ஆண்டு வரை அவகாசம். அண்ணன் முகம் மலர்ந்தது. அந்த ஐந்து வருடமும் வட்டி ஓடுமா என்று நான் கேட்டேன். ஓடும், தனிவட்டி.

குடும்ப வருமானம் வருடத்துக்கு நான்கரை லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. கல்லூரிக்கு உரிய அங்கீகாரம் இருக்க வேண்டும், வருமானச் சான்றிதழ் வேண்டும். பங்குக்குப் போகிறவருக்கு வருமானத்தை எப்படிக் காட்டுவது என்பதைத் தாசில்தார் அலுவலகத்தில்தான் தீர்க்க வேண்டும். கிடைத்தால் லாபம். கிடைக்காது என்று வைத்துத்தான் நான் கணக்குப் போடுவேன்.

மே 23, இரவு

வருடம் ஒரு லட்சம், நான்கு வருடம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். முதல் வருடம் வாங்கிய லட்சம் ஐந்து வருடத்துக்கு 50,000 வட்டி சுமக்கிறது, அடுத்தது 40,000, பிறகு 30,000, 20,000. முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,40,000.

இதைப் பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் 7,136 ரூபாய். 16,500-இல் 7,136 போனால் மிச்சத்தில் அவள் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செய்வாள், வீட்டுக்கு என்ன தருவாள்? பதினைந்து வருடம் என்றால் 5,803. தாங்கும்போல் தோன்றும். மொத்தமாகக் கூட்டினால் பத்து லட்சத்து நாற்பத்து நான்காயிரம். வாங்கியது நான்கு.

படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தால் கதை மாறுகிறது. முதல் வருடம் மாதம் 833 ரூபாய், இரண்டாம் வருடம் 1,667, மூன்றாவது 2,500, நான்காவதிலும் அதற்கடுத்த ஆண்டிலும் 3,333. அப்போது பத்து வருடத் தவணை 5,286-க்கு இறங்கிவிடும். சின்னவள் ஆறாம் வகுப்பிலிருந்து மாநகராட்சிப் பள்ளி. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். முதல் வருட வட்டிக்கு அது போதும். அந்தப் பணத்தில் போன் வாங்கலாம் என்று அவள் போட்டிருந்த திட்டத்தை இனிமேல்தான் கலைக்க வேண்டும்.

ஜூன் 3

ஜெர்மனிப் பேச்சு. அண்ணியின் தம்பி கிளப்பிவிட்டது. அங்கே போனால் ஒரு வருடத்தில் கடன் அடையும் என்கிறார். போகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஆள் அனுப்புகிறது. ஆனால் ஜெர்மன் மொழியில் பி2 நிலைவரை தேற வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே படித்தால் அது சீக்கிரம் முடிகிற காரியம் அல்ல. பட்டமும் நர்சிங் கவுன்சில் பதிவும் கையில் வந்தபிறகு பேச வேண்டியதை இன்றைய கடனுக்குச் சாட்சியாக நிறுத்துகிறார்கள். எனக்கு எரிச்சல்.

அதைவிட எய்ம்ஸ் பற்றிப் பேசலாம். நர்சிங் ஆபீசருக்கு அடிப்படைச் சம்பளமே 44,900. அகில இந்தியத் தேர்வு, போட்டி கடுமை. பி.எஸ்சி. முடித்தவர்கள் நேரே எழுதலாம். ஜி.என்.எம். என்கிற மூன்று வருட நர்சிங் டிப்ளமோ முடித்தவர்களும் ஐம்பது படுக்கை மருத்துவமனையில் இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தால் எழுதலாம். இதை வீட்டில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. எதிர்வீட்டுப் பெண் வந்து சொன்னபிறகுதான் நம்பினார்கள்.

ஜூன் 15

விடியுமுன்பே படகுகள் புறப்பட்டுவிட்டன. அண்ணனும் போய்விட்டார். அவர் இல்லாத வீட்டில் முடிவெடுப்பது சுலபம், அண்ணியின் தம்பியும் வரவில்லை.

சின்னவளும் நானும் எழுதிய வரிசை: முதலில் அரசு நர்சிங் கல்லூரி. சென்னை மருத்துவக் கல்லூரியோடு இருப்பது கிடைத்தால் வீட்டிலிருந்தே போகலாம். செங்கல்பட்டு, சேலம், மதுரை, தேனி எதுவானாலும் போவாள். கட்டணம் கடன் கேட்கிற அளவில் இருக்காது. அடுத்து, கவுன்சிலிங் வழியாகத் தனியார் கல்லூரியில் கிடைக்கும் அரசு ஒதுக்கீட்டு இடம். அதற்கும் அடுத்து, அரசு நர்சிங் பள்ளியில் ஜி.என்.எம்.; வேலைக்குப் போனபின் இரண்டு வருடப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டம் வாங்கிக்கொள்ளலாம். மேனேஜ்மென்ட் கோட்டா வரிசையிலேயே இல்லை.

மூன்றாவதை எழுதும்போது அவள் முகம் சுருங்கியது. "டிப்ளமோ என்றால் எல்லோரும் குறைவாகப் பார்ப்பார்கள் அத்தை." பார்க்கத்தான் செய்வார்கள். வெளிநாட்டுக்கும், பிற்பாடு எம்.எஸ்சி. படித்து ஆசிரியராவதற்கும் பட்டம் வேண்டும் என்பதும் உண்மை. ஆகவே ஒரு சமரசம். இரண்டாவது வகை இடம் கிடைத்து, மொத்தக் கடன் மூன்று லட்சத்தைத் தாண்டாது என்றால் வாங்கலாம். படிக்கும்போதே வட்டியும் கட்ட வேண்டும். தாண்டினால் ஜி.என்.எம். மூன்று லட்சம் என்பது என் கணக்கு: வட்டியைக் கட்டிவந்தால் பத்து வருடத் தவணை நான்காயிரத்துக்குள் நிற்கும், 16,500-இல் கால்பங்குக்கும் குறைவு.

நாளை இ-சேவை மையம். சாதிச் சான்றிதழும் இருப்பிடச் சான்றிதழும் இருக்கின்றன. வருமானச் சான்றிதழுக்கு அண்ணன் கையெழுத்து வேண்டும், அவர் கரைக்கு வர ஒரு வாரமாவது ஆகும். நோட்டீஸ்காரர் சாயங்காலம் போன் செய்தார். இன்றே முன்பணம் கட்டினால் பத்தாயிரம் குறைப்பார்களாம். சின்னவளே எடுத்துப் பேசினாள். படுக்கை எத்தனை என்று மறுபடியும் கேட்டாள்.