212 சொற்கள்

“நடுவர்கள் முடிவும்மா.”

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மதியம் போனில் நான் சொன்னது இது. சிறுகதைப் போட்டி முடிவு வெளியான வாரம். பத்திரிகை அலுவலகத்தில் அந்த வாரம் எப்படி இருக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கும். கோபப்படுகிறவர்கள் உண்டு, அழுகிறவர்கள் உண்டு, முதல் பரிசுக் கதையில் என்ன இருக்கிறது என்று விளக்கச் சொல்கிறவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நடுவர்களின் முடிவே இறுதியானது, தனிப்பட்ட கதைகளைப் பற்றிப் பேச இயலாது. அறிவிப்பிலேயே அச்சடித்திருக்கிறோம்.

அந்த அம்மா கோபப்படவில்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார். குரலை வைத்துப் பார்த்தால் ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

“சார், பரிசு கெடைக்கலன்னு தெரியும். அதுக்காகக் கேக்கல. கதை நல்லா இல்லையான்னு மட்டும் சொன்னீங்கன்னா போதும்.”

“தலைப்பு என்னம்மா?”

சொன்னார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. 417ஆம் எண். அண்டா கதை.

“நடுவர்கள் முடிவும்மா” என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “சரிங்க சார். எழுதினது நோட்டுலதான். மருமகதான் போன்ல தட்டிக் கொடுத்தா. தப்பு கிப்பு இருந்திருக்கும்” என்றார். “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, தொடர்ந்து எழுதுங்க” என்றேன். வைத்துவிட்டார்.

நடுவர்கள் அந்தக் கதையைப் பார்க்கவே இல்லை. அது அவர்களிடம் போகவில்லை. முதல் சுற்றில் அதை எடுத்து ஓரமாக வைத்தவன் நான்.

காரணம் நீளம். ‘2,000 சொற்களுக்கு மிகாமல்’ என்பது விதி. கணினி காட்டிய கணக்கு 2,212. அந்த ஆண்டு ஆயிரத்தை நெருங்கி வந்த கதைகளில் 61 கதைகள் இப்படி அளவு மீறியவை. எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் விலக்கினேன். ஆனால் இந்த ஒன்றை மட்டும் முழுக்கப் படித்துவிட்டு விலக்கினேன்.

ஒரு தெருவே இரவல் வாங்கும் பித்தளை அண்டா ஒன்று. கல்யாணத்துக்கும் போகும், காரியத்துக்கும் போகும். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் வீட்டுக்காரி விரலை மடக்கி நாலு பக்கமும் தட்டிப் பார்த்து, நெளிசல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே எடுப்பாள். தட்டிப் பார்க்கிறாளே என்று தெருவில் அவள் மேல் வருத்தம். கடைசியில் ஒரு சாவு வீட்டிலிருந்து அண்டா வருகிறது. அடியில் ஒட்டிய சோற்றுப் பருக்கைகூடச் சரியாகக் கழுவப்படவில்லை. அன்றைக்கு அவள் தட்டிப் பார்ப்பதில்லை. அவ்வளவுதான் கதை. அதற்கு மேல் ஒரு வரி எழுதாமல் நிறுத்தத் தெரிந்த கை அது.

எங்கள் அலுவலகத்தில் கதைகளுக்கு எண் போட்டு, பெயர், முகவரியைப் பதிவேட்டில் எழுதி வைக்கும் தம்பி ஒருவர் இருந்தார். பெயர் தெரியாமல்தான் நாங்கள் படிப்போம். அவர் கேட்டார்: “சார், இதுக்கு மட்டும் போன் போட்டு, கொஞ்சம் சுருக்கி அனுப்பச் சொல்லட்டுமா?”

“வேண்டாம்ப்பா. ஒருத்தருக்குச் சொன்னா எல்லாருக்கும் சொல்லணும்.”

இந்தப் பதிலை இன்றைக்கும் நான் தவறு என்று நினைக்கவில்லை. அந்தக் கதைக் கட்டிலேயே 1,998 சொற்களில் ஒரு கதை இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு பாத்திரம் சட்டென்று காணாமல் போகிறது. அந்த எழுத்தாளர் விதியைப் படித்து, மனம் வந்து ஒரு ஆளையே வெட்டியிருக்கிறார் என்று தெரிந்தது. அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? அளவு என்பது வெறும் பக்க நெருக்கடி மட்டும் இல்லை. 80களில் கணையாழி இதழ், எழுத்தாளர் தி. ஜானகிராமன் நினைவாகக் குறுநாவல்களுக்கென்று தனியாக ஒரு திட்டம் நடத்தியது. சிறுகதைக்குள் அடங்காத, நாவலாகவும் நீளாத எழுத்துக்கு அங்கே இடம் இருந்தது. அளவு வைத்ததால்தான் பலர் அந்த வடிவத்தில் எழுதிப் பார்த்தார்கள். அதனால் விதியைக் காத்தேன் என்பதில் எனக்குக் குற்ற உணர்வு இல்லை. போன் வரும்வரை இல்லை.

அன்றைக்கு இரவு அலுவலகத்தில் எல்லோரும் போன பிறகு மெயிலில் 417ஐ மறுபடி திறந்தேன். ‘தப்பு கிப்பு இருந்திருக்கும்’ என்று அவர் சொன்னது காதிலேயே இருந்தது. தப்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன்.

பிழை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் வாக்கியங்கள் இப்படி இருந்தன: ‘தூக்கிக் கொண்டு வந்து கொண்டு இருந்தார்கள்.’ ‘வீட்டில் இருந்து எடுத்துக் கொண்டு போய் விட்டார்கள்.’ ‘அவள் தான் கழுவ வேண்டி இருந்தது.’

அச்சுக்குப் போகும் கதைகளில் மாதாமாதம் நான் செய்யும் முதல் வேலையே இதைச் சேர்த்து எழுதுவதுதான். துணைவினையைப் பிரித்து எழுதக் கூடாது என்பது எங்கள் பத்திரிகையின் நடை. ‘வந்து கொண்டு இருந்தார்கள்’ என்றால் கணினிக்கு மூன்று சொல், ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்றால் ஒன்று. ‘எடுத்துக் கொண்டு போய் விட்டார்கள்’ நான்கு, சேர்த்து எழுதினால் இரண்டு. செல்போனில் தட்டும்போது, கீழே காட்டும் சொல்லைத் தொட்டால் அதுவே ஒரு இடைவெளியையும் போட்டுவிடுகிறது. தட்டியவர் மருமகள். நோட்டில் அந்த அம்மா எப்படி எழுதியிருந்தார் என்று யாருக்குத் தெரியும்?

ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து சேர்த்துக்கொண்டே போனேன். ஒரு சொல்லைக்கூட நீக்கவில்லை, ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. முடிக்கும்போது பதினொரு மணி. எண்ணிக்கையைப் பார்த்தேன். 1,968.

வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் விலக்கியது எதை? 212 சொற்கள் அதிகம் என்று நினைத்தேன். அதிகமாக இருந்தவை இடைவெளிகள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தபாலில் வரும் கையெழுத்துப் பிரதிகளை நாங்கள் ஒவ்வொரு சொல்லாக எண்ணுவதில்லை. பத்து வரியை எண்ணி, சராசரி எடுத்து, வரிகளாலும் பக்கங்களாலும் பெருக்குவோம். முப்பது நாற்பது கூடினால் விட்டுவிடுவோம். அந்த அம்மா நோட்டுத் தாள்களைக் கிழித்து அப்படியே உறையில் போட்டு அனுப்பியிருந்தால் கதை உள்ளே போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நமக்குச் சிரமம் வேண்டாம் என்று மருமகளிடம் கொடுத்துத் தட்டச் சொல்லியிருக்கிறார்.

இதை யாரிடமாவது சொன்னால் ஆறுதல் சொல்வார்கள். நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பரிசு கிடைக்காததால் எழுத்து அழிந்துவிடாது. கு. அழகிரிசாமிக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 1970இல், அவர் இறந்த பிறகு. புதுமைப்பித்தன் 1948இல் இறக்கும்போது சாகித்திய அகாதெமி என்ற அமைப்பே இல்லை. இன்று அவர் நினைவாக ‘விளக்கு’ அமைப்பு மற்றவர்களுக்கு விருது கொடுக்கிறது. ஆனால் இந்த ஆறுதல் யாருக்கு? அழகிரிசாமியும் புதுமைப்பித்தனும் எழுதியது அச்சில் வந்தது. படித்தவர்கள் இருந்தார்கள், திட்டியவர்களும் இருந்தார்கள். நோட்டில் எழுதி முதன்முதலாக ஒரு போட்டிக்கு அனுப்பியவருக்கு என்ன இருக்கிறது? நான் சொன்ன ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது.

நாம் ‘வளரும் எழுத்தாளர்’ என்றாலே ஒரு இருபத்தைந்து வயதுக்காரரைத்தான் மனதில் வைக்கிறோம். சாகித்திய அகாதெமி 2011இல் தொடங்கிய இளம் எழுத்தாளர் விருது, யுவ புரஸ்கார், 35 வயதோடு நின்றுவிடுகிறது. இளைஞர்களுக்கு அது வேண்டும், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளை வளர்த்து, மருமகள் வந்த பிறகு எழுத உட்காரும் பெண்ணும் வளரும் எழுத்தாளர்தான். அவருக்குத் திறந்திருக்கும் கதவு இப்படிப்பட்ட பத்திரிகைப் போட்டி ஒன்றுதான். இலக்கியச் சிந்தனை அமைப்பு 1970 முதல் மாதாமாதம் ஒரு சிறந்த கதையைத் தேர்ந்தெடுத்ததே, அது நல்ல முறை. அவர்கள் பத்திரிகைகளில் ஏற்கெனவே வந்த கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது ஒரு உதவி ஆசிரியரின் கை பட்டு, பிரிந்ததெல்லாம் சேர்ந்து, அச்சான பிறகு. போட்டிக்கு வரும் கதை அந்தக் கை படாமல் நேராக வந்து நிற்கிறது. அந்தக் கை என்னுடையது. அதை வைத்துக்கொண்டு நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “எழுத்துக் கணக்கு வைத்துவிடலாமா?” என்றார். பார்த்தோம். அது இன்னும் சிக்கல். ‘கொ’ என்பது நமக்கு ஒரு எழுத்து, கணினிக்கு ‘க’வும் குறியுமாக இரண்டு. கடைசியில் அறிவிப்பில் ‘சுமார்’ என்ற சொல்லைச் சேர்த்தோம். சுமார் 2,000 சொற்கள். அந்த ஆண்டு 2,700 சொல் கதையை அனுப்பிய ஒருவர், ‘சுமார்’ என்றால் எவ்வளவு என்று பதிவுத் தபாலில் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அடுத்த ஆண்டு ‘சுமாரை’ எடுத்துவிட்டோம். எடுக்கச் சொன்னவனும் நான்தான்.

அந்த 61 கதைகளில் பாதிக்கு மேல் 3,000ஐத் தாண்டியவை. எப்படிச் சேர்த்து எழுதினாலும் உள்ளே வந்திருக்காது. மற்றவை? 2,050, 2,100, 2,180 என்று நின்றவை? அவற்றை நான் இன்றுவரை திறந்து பார்க்கவில்லை. 417க்கு மட்டும் ஒரு இரவு உட்கார்ந்தேன், ஏனென்றால் அந்தக் கதை எனக்குப் பிடித்திருந்தது. எல்லோருக்கும் ஒரே நியாயம் என்று தம்பியிடம் சொன்னவன் செய்கிற காரியமா இது? திறந்துவிடலாம் என்று சில நாள் தோன்றும். திறந்து என்ன செய்வது என்று உடனே தோன்றும்.

இவ்வளவு யோசித்த பிறகும், என்னை உறுத்துவது எண்ணிக்கை இல்லை என்றே படுகிறது. கணக்கில் தவறுவது மனித இயல்பு. ஆனால் அந்த அம்மா கேட்டது கணக்கு இல்லை. கதை நல்லா இல்லையா என்று கேட்டார். “நல்ல கதைம்மா, அளவு கூடிப்போச்சு.” நாலைந்து சொல். அதைச் சொல்லியிருந்தால் விதி என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. அன்றைக்கு அது முப்பதாவது போனோ நாற்பதாவது போனோ, களைப்பு, வாய் பழகிய பதில் வந்துவிட்டது என்று சொல்லலாம். அது முழு உண்மை இல்லை. தலைப்பைக் கேட்டதும் எனக்குக் கதை ஞாபகம் வந்துவிட்டது. நீளம் என்று சொன்னால், “அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குறைச்சிருப்பேனே சார்” என்று அவர் கேட்பார் என்பதும் அந்த ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க வேண்டாம் என்றுதான் நடுவர்களை எடுத்து முன்னால் வைத்தேன்.

அடுத்த ஆண்டுப் போட்டியில் 1,180 சொற்களில் ஒரு கதை வந்தது. ஒரு மழை இரவு, ஒரு பெண், அவளுடைய தனிமை. ‘வெறுமையின் நிழல்’, ‘மௌனத்தின் கனம்’ என்று பக்கத்துக்குப் பக்கம். எல்லாச் சொற்களும் ஒழுங்காகச் சேர்த்து எழுதப்பட்டிருந்தன. நாலு பத்தி படித்துவிட்டு வேண்டாம் என்று குறித்தேன். இரண்டாவது வாசிப்பாளரும் அதையே குறித்தார். முடிவு வெளியான பிறகு பரிசுத் தொகை அனுப்புவதற்காகப் பதிவேட்டைப் புரட்டும்போது அந்தப் பெயர் கண்ணில் பட்டது. அதே ஊர், அதே செல்போன் எண்.

நடுவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று நான் சொன்னதை நம்பியிருக்கிறார். நடுவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று எங்கெங்கோ தேடிப் படித்து, அந்த மாதிரி எழுதிப் பார்த்திருக்கிறார். அப்படித்தான் நடந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒருவேளை அண்டா கதைதான் தற்செயலாக அமைந்தது, மழைக் கதைதான் அவருடைய இயல்பு என்றும் இருக்கலாம். யாருக்கும் இரண்டாவது கதை சறுக்கும். ஆனால் விரலை மடக்கித் தட்டுவதை எழுதிய கை, மௌனத்தின் கனம் என்று தானாக எழுதாது என்று என் மனம் சொல்கிறது.

அந்த முறை அவர் போன் செய்யவில்லை. ஒரு வாரம் எதிர்பார்த்தேன். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் நானே ஓடிப்போய் எடுத்தேன். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். பதிவேட்டில் எண் இருக்கிறதே, நீங்களே கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். மெயில் இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை விளக்கம் நீண்டுகொண்டே போனது, மன்னிப்புக் கேட்பது போலவே இல்லை. இரண்டாவது தடவை, அண்டா கதையை நாங்கள் வெளியிட விரும்புகிறோம் என்று மட்டும் எழுதினேன். ஆசிரியரும் சம்மதித்திருந்தார். அனுப்புவதற்கு முன் படித்துப் பார்த்தேன். அன்றைக்கு நடுவர்களுக்குப் பிடிக்காத கதை இன்றைக்கு எப்படிப் பிடித்தது என்று அவர் நினைப்பாரே என்று தோன்றியது. அதை விளக்கப் போனால் முதல் மெயிலாகிவிடுகிறது. இரண்டும் இன்னும் வரைவில்தான் இருக்கின்றன.

போன வருடம் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. இந்த வருடத்துக் கதைகள் வரத் தொடங்கிவிட்டன. தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டார், புதிதாக ஒரு பெண் வந்து எண் போட்டுக்கொண்டிருக்கிறார். பதிவேடு அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. முதல் சுற்று முடியும்வரை நான் அதைத் திறக்கக் கூடாது. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் வரும் கதைகளை மட்டும் கட்டோடு சேர்க்காமல் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். இதுவரை ஒன்பது சேர்ந்திருக்கின்றன. எதற்கு என்று அந்தப் பெண் கேட்டார். சேர்த்து எழுதிப் பார்ப்பதற்கு என்றேன்.