மிச்சக் காலம்

டிசம்பர் 12, 2024
ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவுக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டதாம். அப்பாவிடம் சொன்னேன். தொண்டையில் குழாய், பேச்சில்லை. நெற்றியை மட்டும் சுருக்கினார்.

டிசம்பர் 14
தூக்கமில்லை.

டிசம்பர் 15
வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து மசோதாவை ஃபோனில் படித்தேன். அரசியலமைப்பில் 82ஏ என்று ஒரு புதுப் பிரிவு. ஒரே நேரத்தில் தேர்தல், சரி. மக்களவை நடுவில் கலைந்தால்? தேர்தல் உண்டு, ஆனால் புது அவைக்கு ஐந்து வருடம் கிடையாது. மிச்சக் காலம் மட்டும்தான். சட்டமன்றங்களுக்கும் இதே கதி. 1998 மார்ச்சில் வந்த அவை அடுத்த வருடமே கலைந்தது; இந்த விதி அன்றே இருந்திருந்தால், 1999 அக்டோபரில் வந்த அவை 2003 மார்ச்சிலேயே முடிந்திருக்கும்.

ஆட்சி கவிழ்வதுதான் நோய் என்றால் ஜெர்மனியில் மருந்து இருக்கிறது: பிரதமரை இறக்க வேண்டுமா, அடுத்தவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு இறக்கு. அதை விட்டுவிட்டு அவையின் ஆயுளில் ஏன் கைவைக்க வேண்டும்? 1976இல் ஆறு வருடமாக்கினார்கள், 1978இல் திரும்ப ஐந்தாக்க வேண்டி வந்தது.

பத்து மாதம்தான் பாக்கி என்று தெரிந்தால் எவன் வரிசையில் நிற்பான்?

டிசம்பர் 16
பில் கட்டினேன். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

டிசம்பர் 17
மக்களவையில் அறிமுகமாகிவிட்டது. வாக்கெடுப்பு முதலில் பொத்தானில், அப்புறம் சீட்டில். மாலையில் உள்ளே விட்டார்கள். நான் வாய் திறக்குமுன் அப்பா அட்டையில் "எத்தனை?" என்று எழுதினார். 269 என்றேன். கண் விரிந்தது. பேனாவை வாங்கிக்கொள்ள கை நீட்டினேன், தரவில்லை. கோணல்மாணலாக எழுதினார்: "எதிரே 270ஆ?"

1999இல் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரு ஓட்டில் தோற்ற கணக்கு. இருபத்தைந்து வருடமாக வீட்டில் கேட்ட கதை.

"இல்லப்பா, 198" என்றேன். ஏமாந்தவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வாரத்தில் நான் முதன்முறை சிரித்தது அப்போதுதான்.

டிசம்பர் 18
அறிமுகத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். நிறைவேற அரசியலமைப்பின் 368ஆம் பிரிவு: மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு. நேற்றைய 467இல் 312 வேண்டும். 43 குறைகிறது. மருந்துச் சீட்டின் பின்னால் போட்ட கணக்கு இது. நர்ஸ் வாங்கிப் பார்த்துவிட்டு டோஸா என்று கேட்டார்.

காய்ச்சல் 101.

டிசம்பர் 20
மசோதா நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்குப் போய்விட்டது. 39 பேர். அடுத்த கூட்டத்தொடரின் கடைசி வாரத்து முதல் நாளுக்குள் அறிக்கை தர வேண்டுமாம். அவர்களுக்காவது தேதி இருக்கிறது. டாக்டர் "பார்க்கலாம்" என்கிறார்.

டிசம்பர் 21
அப்பா மறுபடியும் அட்டையைக் கேட்கிறார்.