தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை: கீழ்த்தளத்திலிருந்து தொடங்குங்கள்

முதலில் கிழமையைப் பாருங்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழன் மாலை நாகூர் தர்காவுக்குப் போய்விட்டு மறுநாள் இங்கே வருபவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்க்கிறார்கள்.

காரைக்காலிலிருந்து சுமார் 15 கி.மீ., மயிலாடுதுறையிலிருந்து சுமார் 30 கி.மீ. பஸ் நிற்கும் மெயின் ரோட்டிலிருந்து கடற்கரை வரை நடந்துவிடலாம். காரில் வருபவர்களும் 1792-இல் கட்டிய நகர வாயிலிலேயே இறங்கிக்கொள்வது நல்லது. ராஜ வீதியில் 1701-ஆம் ஆண்டின் சீயோன் ஆலயமும், ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கட்டி 1718-இல் திறந்த புதிய எருசலேம் ஆலயமும் இருக்கின்றன. அவற்றைத் தாண்டி வந்தால், கோட்டைக்குள் நுழையும் முன்பே ஊரின் அமைப்பு பிடிபட்டுவிடும்.

உள்ளே போனதும் எல்லாரும் கடல் பார்க்க மாடிக்கு ஓடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620-இல் அனுமதி பெற்று டென்மார்க்கிலிருந்து வந்த தளபதி ஓவே கெட்டே இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கியது மிளகு வியாபாரத்துக்காக. பீரங்கி மேடைகள் இருந்தாலும் இதன் உயிர் கீழ்த்தளத்துக் கிடங்குகளில்தான் இருந்தது. சரக்கறைகளும் சிறையும் அங்கே. ஆளுநர் குடியிருப்பும் தேவாலயமும் மேலே. கீழே சுற்றிவிட்டு ஏறினால்தான் எதைக் காக்க இந்தச் சுவர் எழும்பியது என்பது புரியும். மாடியில் அண்ணாந்து பாருங்கள்: ஒட்டகத் திமில் போன்ற நான்கு குவிமாடங்களின் பாரத்தையும் நடுவில் ஒற்றைத் தூண் ஏந்தி நிற்கிறது. இங்கே அவசரப்படவே கூடாது.

சுவரில் சாயாதீர்கள், சுரண்டாதீர்கள். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமான கட்டடம் இது. உப்புக் காற்றின் ஈரம் உள்ளே போய்க் காயும்போது உப்பு படிகமாகிப் பூச்சை உள்ளிருந்து தள்ளுகிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். ஒட்டுப்போட சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல்லே பொடியாகும். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பவர்கள் சுண்ணாம்பை விடாமல் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

வெளியே வந்ததும் வடக்கே மாசிலாமணி நாதர் கோயிலுக்கு நடந்துவிடுங்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து, 1306-ஆம் ஆண்டுக் கோயில். கோட்டையைவிட முந்நூறு ஆண்டு மூத்தது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. டேனியர்கள் 1845-இல் வங்காளத்தில் தங்கள் வசமிருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன கரை இது. அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறைகள் வழுக்கும், குழந்தைகளை ஏறவிடாதீர்கள்.