வயிற்றில் பிள்ளை, காலில் நரம்பு சுருட்டல்

இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்தபோது, ஐந்தாம் மாதத்திலேயே இடது முழங்காலுக்குப் பின்னால் நரம்பு (இரத்தக் குழாயைத்தான் நாம் இப்படிச் சொல்கிறோம்) பச்சையாகப் புடைத்துக்கொண்டு வந்தது. மொரிஷியஸின் போர்ட் லூயியில் ஓர் ஆரம்பப் பள்ளியில் தமிழ் ஆசிரியை நான். வகுப்பு வகுப்பாகப் போய் நின்றபடியே பாடம் சொல்லும் வேலை. ஜனவரியில் பள்ளி திறந்ததும் வெயிலும் சேர்ந்துகொண்டது. மெத்ரோ ரயிலில் கியூர்பிப் ஊருக்கு வந்து சேர்வதற்குள் கால் இரண்டும் கல்லைக் கட்டிவிட்டதுபோல் கனக்கும். ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்.

அம்மாவுக்கும் இது உண்டு. பிள்ளை பிறந்தால் போய்விடும் என்று ஆறுதல் சொன்னார். அதுவரை எப்படி நடமாடுவது என்பதுதான் என் கவலை.

பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் பொறுமையாக விளக்கினார். கர்ப்பத்தில் உடம்பில் இரத்தம் ஏறக்குறைய பாதி அளவு கூடிவிடுகிறது. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் இரத்தக் குழாய்களின் சுவரைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பை, வயிற்றின் வலப்பக்கம் ஓடும் பெரிய இரத்தக் குழாயை அழுத்துகிறது. காலிலிருந்து மேலே ஏற வேண்டிய இரத்தம் கீழேயே தேங்கிவிடுகிறது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வதும் இதனால்தான். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது இரத்தம் மேலே தள்ளப்படும், அதனால் நடக்கலாம், ஆனால் ஒரே இடத்தில் நிற்காதே என்றார்.

கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங்ஸ், அதாவது காலை இறுக்கிப் பிடிக்கும் நீளமான காலுறை, எழுதிக் கொடுத்தார். இதை வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நம்மூர் மருந்துக் கடைகளில் பிரெஞ்சுச் சரக்கும் இருக்கும், வேறு நாட்டுச் சரக்கும் இருக்கும். பிரெஞ்சுப் பெட்டியில் இரண்டாம் வகுப்பு என்றால் 15 முதல் 20 மி.மீ. பாதரச அழுத்தம். ஜெர்மன் முறையில் அதே இரண்டாம் வகுப்பு 23 முதல் 32. வகுப்பு எண்ணை மட்டும் சொல்லி வாங்கினால் தவறான இறுக்கம் வந்துவிடும். அழுத்த அளவையே டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். கணுக்காலையும் கெண்டைக்காலையும் காலையில், வீங்குவதற்கு முன், அளக்க வேண்டும்.

கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே அதைப் போட்டுவிட வேண்டும். வயிறு பெரிதாக ஆக, குனிய முடியவில்லை, என் கணவர்தான் தினமும் மாட்டிவிட்டார். குதிகால் வரை உள்புறம் வெளியே திருப்பி, பாதத்தில் நுழைத்து, அப்புறம் மெல்ல மேலே ஏற்ற வேண்டும். ரப்பர் கையுறை போட்டால் பிடிமானம் கிடைக்கும். கோடையில் வேர்த்துக் கொட்டும், அரிக்கும். ஆனாலும் அந்த வாரமே மாலை வீக்கம் குறைந்தது.

தைப்பூசத்துக்கு என் கணவர் காவடி எடுத்தார். சன்னிதிக்கு நேராகக் கால் நீட்ட மனம் வராமல், மண்டபத்தில் பக்கவாட்டாகத் திரும்பி, இன்னொரு நாற்காலியில் காலை வைத்துக்கொண்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பாட்டி தலையணையே கொண்டுவந்து கொடுத்தார்.

ஏழாம் மாதம் இடது கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, தொட்டாலே வலித்தது. முதலில் பார்த்த இடத்தில் கர்ப்பத்தில் இது சகஜம் என்று அனுப்பப் பார்த்தார்கள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. இரண்டு காலையும் அளந்து பாருங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். வித்தியாசம் தெரிந்ததும், இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். ஆழத்தில் இரத்தக் கட்டி இல்லை, மேல் நரம்பில்தான் அழற்சி. சில நாள் கழித்து மறுபடியும் ஸ்கேன் பார்த்தார்கள். ஒரு கால் மட்டும் இப்படி வீங்கினால் அன்றைக்கே போய்விடுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் ஒரு நிமிஷமும் காத்திருக்க வேண்டாம். பிரசவமான முதல் ஆறு வாரத்திலும் இரத்தக் கட்டி வரும் ஆபத்து அதிகம்.

பிறப்புறுப்பிலும் நரம்பு புடைக்கலாம். எனக்கு வந்தது. கூச்சத்தை விட்டுச் சொன்னேன், சுகப்பிரசவத்துக்கு அது தடையாக இருக்கவில்லை.

பிள்ளை பிறந்து மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலானவை வற்றிவிட்டன. முழங்காலுக்குப் பின்னால் இருப்பது மட்டும் போகவில்லை. புடைத்த நரம்பை மூடும் லேசரோ ஊசியோ கர்ப்ப காலத்தில் பொதுவாகச் செய்வதில்லை, இப்போதும் அவசரம் இல்லை என்கிறார் டாக்டர். பள்ளிக்குத் திரும்பியதும் தலைமையாசிரியரிடம் உயரமான ஸ்டூல் ஒன்று கேட்டு வாங்கினேன். பாதிப் பாடம் இப்போது அதில் உட்கார்ந்துதான்.